ரோமுக்கு ஒரு டவுன் பஸ்!

செல்போன்ல கொலோசியம் வால்பேப்பர் வச்சுக்கிட்டு, தல்லாகுளம் பஸ் ஸ்டாப்ல பெருமூச்சு விடுற ஆளா நீங்க? விசா வேணாம் பாஸ்! ராமநாதபுரம் ரோட்டுல சிலைமான் பக்கம் போனா கீழடி. 2023-ல திறந்த மியூசியம், செட்டிநாட்டு வீடு மாதிரி ஜம்முனு இருக்கும்.

'என்னடா, வெறும் ஓட்டாஞ்சில்லு!'னு ஒரு குரூப் செல்ஃபியோட கிளம்பிடும். நீங்க நில்லுங்க. இத்தாலியில இருக்கிற அரெஸ்ஸோ ஊரோட பேரால சொல்ற 'அரிட்டைன்' ரக மண்பாண்டத் துண்டுகள் இந்தக் கீழடியில கிடைச்சிருக்கு. வைகை கடல்ல சேர்ற அழகன்குளத்துல ரோமானிய நாணயமே கிடைச்சிருக்கு. நம்ம பக்கமிருந்து மிளகும் முத்தும் கப்பலேறுச்சு. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சுதேனு புலம்பின ரோமானியர் பிளினி, பாண்டியன் ஊரை 'மொதூரா'னு எழுதி வச்சிருக்கார். சாட்சாத் மதுரைதான்!

அங்கே கல்லும் கான்கிரீட்டும், அதான் இன்னும் நிக்குது. இங்கே செங்கல், மேல தென்னந்தோப்பு. (தோப்பு மட்டும் இல்லேன்னா எப்பவோ பிளாட் போட்டு வித்திருப்பாங்க!) சிவில் மக்களே, சுட்ட மண் உறைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கிணறு கட்டியிருக்காங்க. அதைப் படிக்க மட்டும் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்க.