கடை பிஸ்கட்டுக்குச் சாதி இல்லை. ஆயா சுட்ட அச்சு முறுக்குக்கு உண்டு

டிசம்பர் பிறந்தால் போதும், 'பாட்டி கைப்பக்குவத்தில் கிறிஸ்துமஸ் குக்கீஸ்' என்று செல்பேசி முழுக்கக் காணொளிகள். ஓவன், வெண்ணெய், பழைய நோட்டில் பாட்டியின் கையெழுத்து. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் ஆயாவுக்கு எழுதத் தெரியாது. எங்கள் வீட்டில் ஓவனும் கிடையாது. ஆனால் எங்களுக்கும் ஒரு பரம்பரைப் பலகாரம் உண்டு: அச்சு முறுக்கு.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலிக்க வேண்டும். அதில் தேங்காய்ப் பால், சர்க்கரை, ஒரு முட்டை, கொஞ்சம் எள், ஒரு சிட்டிகை உப்பு. பூப்போன்ற இரும்பு அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கால் பாகம் மட்டும் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பு மூழ்கினால் முறுக்கு கழலாது. இதைத்தான் ஆங்கிலோ இந்திய வீடுகளில் ரோஸ் குக்கீஸ் என்கிறார்கள். இலங்கையில் கொக்கிஸ் என்பார்கள். டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற சொல் அது. 'குக்கீ' என்ற ஆங்கிலச் சொல்லும் டச்சிலிருந்து வந்ததே. இத்தனை கடல் தாண்டிய பலகாரத்தால் எங்கள் சேரியிலிருந்து ஊருக்குள் போக முடியவில்லை.

தீபாவளிக்கு ஊர்வீட்டு அதிரசம் எங்களுக்கு வரும். ஆயா முந்தானையை ஏந்துவார், மேலிருந்து போடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு ஆயா ஒரு தட்டு அச்சு முறுக்கை, தான் கூலி வேலை செய்த அந்த வீட்டுக்குக் கொண்டுபோவார். "திண்ணையில வெச்சுட்டுப் போ" என்பார்கள். ஒரு வருடம் விட்டுவந்த தட்டை எடுக்கத் திரும்பிப் போனபோது, முறுக்கு மாட்டுத் தொட்டியில் கிடந்தது. ஆயா சண்டை போடவில்லை. அடுத்த வருடம் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். அதைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

மதம் மாறிய தலித்துகளைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்கிறது 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை. சீக்கியர்களை 1956இலும் பவுத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்னமும் வெளியேதான். ஞானஸ்நானத்தோடு தீட்டு கழுவிப் போய்விடுகிறது என்று நம்புகிறவர்கள் அந்த மாட்டுத் தொட்டியை வந்து பார்க்கட்டும்.

இதெல்லாம் பழைய கதை, கம்பெனிகள் வந்ததும் சாதி போய்விட்டது என்பீர்கள். நான் இருப்பது பென்னலூரில். பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை சிப்காட். நான்கு மாவட்டத்துப் பெண்கள் நால்வர் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரே சீருடை, ஒரே கம்பெனி பஸ். கேன்டீன் சாம்பாரை யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. போன கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு டப்பா நிறைய அச்சு முறுக்கு கொண்டுவந்தேன். இரண்டு பேர் உடனே எடுத்தார்கள். ஓர் அக்கா கையில் எடுத்தவர் நிறுத்திக் கேட்டார்: "யாரு சுட்டது? வீட்லயா, கடையிலயா?"

நான் சொன்னேன்: "கடைதான்கா."

அவர் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார்.

அந்தப் பொய்தான் என்னை இதை எழுத வைக்கிறது. யாருடையது என்று தெரியாத கை சமைத்தால் பிரச்சினை இல்லை. கேன்டீன், பாக்கெட், ஆன்லைன் டெலிவரி எல்லாமே பெயரில்லாத கைகள்தான். அந்தக் கைக்கு ஒரு சேரி இருக்கிறது என்று தெரிந்த நொடியில் பலகாரம் தீட்டாகிவிடுகிறது.

பென்னலூருக்கு அடுத்திருக்கும் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். அவரைப் பற்றி வைணவ குருபரம்பரை சொல்லும் கதை ஒன்று உண்டு. பார்ப்பனரல்லாத திருக்கச்சி நம்பியை வீட்டுக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண ராமானுஜர் ஆசைப்பட்டார். அவர் வெளியே போயிருந்தபோது நம்பி வந்து உண்டு போய்விட்டார். ராமானுஜரின் மனைவியோ மிச்சத்தை அப்புறப்படுத்தி, இடத்தைக் கழுவி, குளித்து, புதிதாகச் சமைத்து வைத்தார். இந்தக் கதையைச் சொல்லி ராமானுஜரைப் புரட்சியாளர் என்று கொண்டாடுகிறார்கள். இருக்கட்டும். கதையில் ஜெயித்தது யார்? கழுவிவிடப்பட்ட அடுப்படிதானே?

அந்த ராமானுஜரைக் குருவாகக் கொண்டவர்களின் சாதிப்பெயர் இன்று ஊருக்கு ஊர் பேக்கரிப் பலகைகளில் தொங்குகிறது. 'அய்யங்கார் பேக்கரி' என்றால் சுத்தம், தரம், நம்பிக்கை. கடை நடத்துகிறவர் அய்யங்காராகவே இருக்க வேண்டியதில்லை, பெயர் போதும். அதே பலகையில் என் ஆயாவின் சாதியை எழுதிப் பாருங்கள். 'பறையர் பேக்கரி.' படிக்கும்போதே உங்களுக்குக் கூசுகிறதா? அந்தக் கூச்சத்தைத்தான் சாதி என்கிறோம். ஒரு சாதியின் பெயர் முதலீடு, இன்னொன்றின் பெயர் வசவு. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லுக்கு எதிராகப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தியது இதனால்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதான பிறகே அந்தச் சொல் இறங்கியது.

"நாங்கதான் எல்லாரோடும் சாப்பிடறோமே" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சாப்பாடு எந்தத் திசையில் போகிறது? ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. கோயில் மடப்பள்ளியில் சமைத்ததைச் சேரி மக்களும் உண்ணலாம். ஒருமுறையாவது சேரி அடுப்பில் சமைத்து ஊரைப் பந்தியில் உட்கார வைக்கட்டும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்தவர் ஒரு தலித் பெண். சாதி இந்துப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள், அதிகாரிகள் அவரையே இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் ஆணை ரத்தானது, வழக்கும் பதிவானது. அரசாங்கத்தின் அரிசி, அரசாங்கத்தின் பருப்பு. கை மட்டும்தான் அவருடையது.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். உண்மை. ஒரு முறுக்கைத் தின்றுவிட்டுச் சாதியைக் கடந்துவிட்டதாக யாரும் பதிவு போட வேண்டாம். ஆனால் என் ஆயா சுட்டதை வாயில் வைக்கத் தயங்குகிறவர்கள் என்னைத் தங்கள் வீட்டு மருமகளாக ஏற்பார்களா?

பாட்டியின் செய்முறையைப் பகிரும் தோழர்களே, பகிருங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: உங்கள் பாட்டியின் அடுக்களைக்குள் யார் வர முடிந்தது? யார் கொல்லைப்புறத்தில் நின்றார்கள்? யார் கொடுத்த பலகாரம் மாட்டுக்குப் போனது? அதை விட்டுவிட்டால் உங்கள் செய்முறையில் பாதிதான் இருக்கிறது.

ஆயா இப்போது இல்லை. அந்த இரும்பு அச்சு அம்மாவிடம் இருக்கிறது. இந்த டிசம்பரிலும் டப்பாவோடு பென்னலூர் அறைக்கு வருவேன். அந்த அக்கா கேட்பார். கேட்காவிட்டாலும் நானே சொல்வேன்: "எங்க ஆயா சொல்லிக் கொடுத்தது, எங்க அம்மா சுட்டது. எங்க சேரியில."

சாப்பிடுவதும் மறுப்பதும் அவர் பாடு. கடையில் வாங்கியது என்று இனி நான் சொல்லமாட்டேன்.