பெயர் சூட்டும் உரிமை யாருடையது?

ஒரு நாட்டை நிறுவியோர் யாவர் என வினவின், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளை சியார்சு வாசிங்டன், சான் ஆடம்சு, தாமசு செபர்சன், சேம்சு மாடிசன் என முதல் நான்கு குடியரசுத் தலைவர்களையும் வரிசையாய்ச் சொல்லும். ஒரகடம், திருப்பெரும்பூதூர்ச் சாலைகளில் அயல்நாட்டு நிறுவனங்களின் பெயர்ப் பலகைகளைப் படித்தவாறே பள்ளி செல்லும் நம் பிள்ளையும் வாசிங்டனை அறியும்; சங்கரலிங்கனாரை அறியாது. தமிழ்நாடு என்னும் பெயருக்காக உயிரீந்த ஈகியை அறியாத பிள்ளை, அப் பெயரின் விலையை எங்ஙனம் அறியும்?

அமெரிக்க முன்னோரிடம் நாம் கற்கத்தக்கது அவர்தம் பெயர்ப் பட்டியலன்று. அவர்கள் கண்ட கூட்டாட்சி முறையே. 1787இல் பிலடெல்பியாவில் வாசிங்டன் தலைமையில் அரசமைப்பு வரையப்பட்டபோது மாநிலங்கள் முன்பே இருந்தன. அவற்றின் இசைவாலேயே இன்றைய நடுவணரசு பிறந்தது. ஆகவே, ஒரு மாநிலத்தின் நிலத்தைப் பிரித்துப் புதியதொரு மாநிலம் ஆக்க வேண்டின், அம் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று எழுதி வைத்தனர். நடுவணரசுக்கு ஒப்படைக்கப்படாமலும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாமலும் எஞ்சிய உரிமைகள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்பதை 1791இல் பத்தாம் திருத்தத்தால் உறுதி செய்தனர். மாந்தர் யாவரும் நிகரே என 1776இல் எழுதிய செபர்சன், நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதும் உண்மையே. அக் கறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. அதன்பொருட்டு மாநில உரிமை என்னும் நல்ல பாடத்தைத் தள்ளவும் வேண்டுவதில்லை.

இங்கு நிலை தலைகீழ். இந்திய அரசமைப்பின் 3ஆம் உறுப்பு, மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் மாற்றும் உரிமையை நாடாளுமன்றத்துக்கே தந்துள்ளது. மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். ஏற்க வேண்டும் என்பதில்லை. எஞ்சிய உரிமைகளும் 248ஆம் உறுப்பின்படி நடுவணரசிடமே உள்ளன. 2019இல் சம்மு காசுமீரம், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமே இல்லாத வேளையில் இரண்டு ஒன்றியப் பகுதிகளாகத் துண்டாடப்பட்டதை நாடே கண்டது.

இம் முறையின் கொடுமையைத் தமிழர் முன்பே பட்டறிந்தனர். அறுபதைக் கடந்த முதியவர் சங்கரலிங்கனார், 1956 சூலை 27இல் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கி, அக்தோபர் 13இல் உயிர் துறந்தார். 1963இல் அண்ணா மாநிலங்களவையில் பெயர்மாற்றத்தின் ஞாயத்தை எடுத்துரைத்தும் பயன் விளையவில்லை. 1967 சூலை 18இல் நம் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. எனினும் நாடாளுமன்றம் சட்டம் செய்த பின்னரே, 1969 சனவரி 14இல் அப் பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபதாம் நாள், பிப்பிரவரி 3இல், அண்ணா மறைந்தார்.

2022இல் நம் வடக்குப்பட்டு மண்ணை இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் வெளிப்பட்டன. அத்துணைத் தொன்மைவாய்ந்த மண்ணில் வாழும் மக்கள், தம் நாட்டுக்குத் தாமே பெயரிடத் தில்லியின் இசைவுக்குக் காத்துக் கிடந்தனர் என்பதை எண்ணுந்தொறும் நெஞ்சு கொதிக்கின்றதன்றோ?

1969இல் இராசமன்னார் குழு அமைக்கப்பட்டது. 2025இல் குரியன் சோசப்பு குழு அமைக்கப்பட்டது. குழுக்கள் அறிக்கை தரலாம். உரிமையை மக்களின் உணர்வே மீட்கும். ஆதலின் தமிழ்ப் பெருமக்களே, அக்தோபர் 13ஆம் நாள்தோறும் ஊர்தோறும் பிள்ளைகளைக் கூட்டிச் சங்கரலிங்கனாரின் வரலாற்றைச் சொல்லுங்கள். வாசிங்டனை அவர்கள் கற்கட்டும். தம் நாட்டுக்குப் பெயர் தந்தோரை முதலில் கற்கட்டும்!