பூட்டி வைத்த தங்கமும் 73-வது வயதும்

வாங்கிய தங்கத்தை விற்பது குடும்பத்துக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டெக்சாஸில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே போய் நாற்பது வருடம் ஆகியும் அதை மறக்கவில்லை. ஐஆர்ஏ என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில், ஊரெல்லாம் பங்கும் பத்திரமும் வைத்திருக்க, இவர் தங்கக் காசாக வாங்கி அடுக்கினார். "பேரனுக்கு இருக்கட்டும்டா" என்பார். அவருக்கு அடுத்த வருடம் 73 ஆகிறது.

அங்குதான் சிக்கல். உழைக்கும் காலத்தில் வரிச்சலுகையோடு போட்ட பணம் இது. அதனால், சாகும்வரை தொடாமல் வைக்க அமெரிக்க அரசு விடுவதில்லை. குறிப்பிட்ட வயதானதும் வருடாவருடம் ஒரு பகுதியை எடுத்து வரி கட்டியாக வேண்டும். அந்த வயது முன்பு 70½, 2020-இல் 72, 2023 முதல் 73. 1960-லோ பிறகோ பிறந்தவர்களுக்கு 75.

முந்தைய டிசம்பர் 31 அன்று கணக்கில் இருந்த மதிப்பை, வயதுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணால் வகுக்க வேண்டும். 73-க்கு அது 26.5. ஆக, 2,65,000 டாலர் இருந்தால் 10,000 எடுக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் என்றால் அந்தத் தொகைக்கு விற்றுவிட்டுப் போகலாம். தங்கத்தில் அப்படி முடியாது. அவுன்ஸ் 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 10,000 என்பது ஒரு அவுன்ஸ் காசில் இரண்டரை. காசை அறுக்கவா முடியும்? இரண்டு எடுத்தால் எடுக்காமல் விட்ட தொகைக்கு 25 சதவீத அபராதம் (உரிய காலத்துக்குள் சரிசெய்தால் 10). மூன்று எடுத்தால் கூடுதலாக எடுத்தது அடுத்த வருடக் கணக்கில் சேராது. கால் அவுன்ஸ், பத்தில் ஒரு அவுன்ஸ் காசுகளும் உண்டு. ஆனால் சின்னக் காசுக்குத் தங்க விலைக்கு மேல் கொடுக்கும் பணம் அதிகம்.

விற்கவே மனமில்லை என்றால் காசையே வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். அண்ணனுக்குப் பிடித்த வழி இதுதான், பேரன் கைக்குத் தங்கமாகவே போகும். ஆனால் கணக்கை விட்டு வெளியேறும் நாளின் சந்தை மதிப்பு முழுவதும் அந்த வருட வருமானமாகிவிடும். காசு பீரோவில் இருக்கும். வரியை டாலரில்தான் கட்ட வேண்டும். எடுக்க வேண்டிய தொகை டிசம்பர் 31 மதிப்பிலேயே நின்றுவிடுவதால், நடுவில் விலை சரிந்தால் அதே தொகைக்கு அதிகக் காசு போகும். கணக்கை நிர்வகிக்கும் நிறுவனம், காசு இருக்கும் பெட்டகம், தங்க வியாபாரி என்று மூன்று இடம் தாண்ட வேண்டியிருப்பதால் டிசம்பர் கடைசி வாரத்தில் ஆரம்பிப்பது வீண் பதற்றம்.

சரி, எல்லாக் காசையும் முதலிலேயே வீட்டில் வைத்துக்கொண்டால்? அதையும் ஒரு தம்பதி செய்து பார்த்தார்கள். ஐஆர்ஏ பணத்தில், தாங்கள் தொடங்கிய கம்பெனி பெயரில் காசு வாங்கி வீட்டில் வைத்தார்கள். அது பணத்தை வெளியே எடுத்ததுதான், வரி கட்டு என்று 2021-இல் மெக்நல்டி வழக்கில் அமெரிக்க வரி நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தங்கத்தைத் தொடாமலேயே தப்பிக்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. பங்கோ ரொக்கமோ உள்ள இன்னொரு சாதாரண ஐஆர்ஏ இருந்தால், இரண்டுக்கும் சேர்ந்த தொகையை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி வழியாக வரும் 401 கே கணக்கை இதில் சேர்க்க முடியாது.

"வேற ஐஆர்ஏ ஏதும் இருக்காண்ணா?" என்று போனில் கேட்டேன்.

"இருந்ததுடா. அதையும் தங்கமாக்கிட்டேன்."

இனி அவர் செய்யக்கூடியது, இப்போதே கொஞ்சம் காசை விற்று, இரண்டு மூன்று வருடத்துக்கு எடுக்க வேண்டிய தொகையை அந்தக் கணக்குக்குள்ளேயே ரொக்கமாக வைப்பது. உள்ளேயே விற்பதற்கு வரி கிடையாது. சொன்னேன். அண்ணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.