கதவைத் திறந்தால் திரும்பி வருமா?

மூன்றாமாண்டு மாணவி, விலங்கியல் துறை

மதுரை என்றதும் மல்லிகை நினைவுக்கு வரும். மீனாட்சி அம்மன் நினைவுக்கு வருவாள். அம்மன் கையில் அமர்ந்திருக்கும் பச்சைக் கிளியும் கூடவே நினைவுக்கு வரும். பொற்றாமரைக் குளத்தின் கரையில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. முன்னொரு காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகள் இருந்தன; அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கப்பட்டிருந்தன. கிளிகள் போய்விட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இத்தகைய ஊரில் பிறந்தவர்களுக்குப் பறவை வளர்க்கும் ஆசை வருவது இயற்கையே. ஆசை தவறன்று. எந்தப் பறவை, எந்த வீட்டில், எத்தனை காலம் என்று எண்ணிப் பாராமல் வளர்ப்பதுதான் தவறு என்பது என் கருத்து.

இதைச் சொல்ல எனக்கு ஓர் உரிமை உண்டு. வாடிப்பட்டிப் பக்கத்தில் என் அப்பத்தா வீட்டில் ஒரு கிளி இருந்தது. வெட்டிய பனைமரத்துப் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து வந்தது. வாசலில் யார் வந்தாலும், "யாரு? யாரு?" என்று கேட்கும். நாங்கள் சிரிப்போம். ஆறு மாதத்திற்கொரு முறை அப்பத்தா அதன் இறகை நறுக்கிவிடும். "பறந்து போனா காக்கா கொத்திப்புடும்டி" என்பது அப்பத்தாவின் நியாயம். அதில் கொடுமை இல்லை, பாசம்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிளி பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பறந்ததில்லை.

2023-ஆம் ஆண்டு, வீடுகளில் வளர்க்கும் பச்சைக் கிளிகளை ஒப்படைக்குமாறு மதுரையில் வனத்துறையினர் அறிவித்தனர். நான் பள்ளி இறுதி வகுப்பை முடித்திருந்த நேரம் அது. கூண்டைத் தூக்கிக்கொண்டு நானும் அப்பாவும் சென்றோம். அப்பத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "புள்ளைய வளத்து ஜெயிலுக்கு அனுப்புன மாதிரி இருக்கு" என்று புலம்பியது. எது ஜெயில் என்று அன்று எனக்கும் விளங்கவில்லை.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டுப் பச்சைக் கிளி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. மைனா, கௌதாரி, சில்லைக் குருவி போன்ற நம் காட்டுப் பறவைகளைப் பிடித்து அடைப்பதும் குற்றமே. "எல்லாரும் வளர்க்கிறார்களே" என்பது சட்டத்தின் முன் செல்லாது.

அப்படியானால் எதைத்தான் வளர்ப்பது? நான் ஓர் எளிய உரைகல் வைத்திருக்கிறேன். கூண்டின் கதவைத் திறந்துவிடுங்கள். மாலையில் தானே திரும்பி வந்தால் அது வளர்ப்புப் பறவை. திரும்பாமல் போனால் அது கைதி.

இந்த உரைகல்லில் முதலில் தேறுவது கோழி. காலையில் திறந்துவிட்டால் குப்பையைக் கிளறி, கரையானைத் தின்று, பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தைத் தேடி வருகிறது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து பேருந்தில் வந்து போகும் நம் தோழர்களுக்கு, வீட்டில் கொல்லைப்புறம் இருந்தால், நாட்டுக் கோழியைவிட நல்ல பறவை இல்லை. கல்லூரிக் கட்டணத்திற்கு முட்டைக் காசும் உதவும்.

அடுத்தது புறா. நகரத்து மொட்டைமாடிக்கு ஏற்றது. கர்ணம் அடிக்கும் கர்ணப்புறாவைக் காணக் கண் கோடி வேண்டும். எங்கே கொண்டு விட்டாலும் வீடு திரும்பும் புறா இனமும் உண்டு. ஆனால் எச்சத்தை நாள்தோறும் கழுவ வேண்டும். வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருந்தால் புறா வேண்டவே வேண்டாம். அதன் எச்சத்தூசி நுரையீரலுக்குப் பகை.

மூன்றாவதாக, கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று விற்கப்படுபவை. பெரும்பாலும் அவை பட்ஜெரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. இவற்றை வளர்க்கத் தடை இல்லை. ஆனால் என் உரைகல் இங்கே தடுமாறுகிறது. கதவைத் திறந்தால் இவை பறந்துவிடும்; ஆனால் நம் ஊரில் இரை தேடத் தெரியாமல் மடிந்துவிடும். ஆகவே இவற்றின் உயிர் முழுதும் நம் பொறுப்பு. கூட்டமாக வாழும் இனமாதலால் ஒன்றை மட்டும் தனியே வளர்ப்பது பாவம். தினை மட்டும் போதாது, கீரை வேண்டும், சுண்ணாம்புச் சத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையைக் கூண்டில் கட்ட வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கூண்டைத் தொங்கவிட்டால் ஒரே பகலில் முடிந்துவிடும். காலை எட்டு மணிக்குப் பூட்டி மாலை ஆறு மணிக்குத் திறக்கும் வாடகை வீட்டுக்கு இவை ஏற்றவை அல்ல.

பேசும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா போன்றவற்றின் மீது சிலருக்கு மோகம். அவற்றைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, அவை நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடியவை. இருபது வயதில் வாங்கினால் நம் பேரப்பிள்ளைகள் வரை பொறுப்பு நீளும். வேலைக்காகச் சென்னைக்கோ துபாய்க்கோ போகவிருக்கும் நாம், திருமணமாகி வேறு வீடு செல்லவிருக்கும் நாம், அந்தப் பறவையை யாரிடம் விட்டுச் செல்வோம்? தாயிடம்தான். நம் ஆசைக்குத் தாய்க்கு ஏன் இன்னொரு வேலை?

விடுதி மாணவர்களுக்கு என் யோசனை வேறு. பறவையை வாங்காதீர்கள்; வரவழையுங்கள். சன்னலோரம் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை கழுவி நிரப்புங்கள். தவிட்டுக்குருவி வரும், மைனா வரும், அணிலும் வரும். காசும் வேண்டாம், கூண்டும் வேண்டாம்.

"கிளி இல்லாமல் மீனாட்சியா?" என்று பக்தர்கள் கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று பாருங்கள். ஆண்டாள் கையிலுள்ள கிளி நாள்தோறும் பச்சை இலைகளால் புதிதாகச் செய்யப்படுகிறது. இறகு நறுக்காமலேயே தெய்வத்தின் கையில் கிளி இருக்க முடிகிறது. நமக்கு ஏன் முடியாது?

அப்பத்தா இப்போதும் அந்தக் கிளியைப் பற்றிப் பேசும். சென்ற தை மாதம் அறுவடைக்குப் போயிருந்தபோது ஒரு கிளிக் கூட்டம் கீச்சிட்டபடி சோளக்கொல்லைக்கு மேலே பறந்தது. அப்பத்தா கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்து, "நம்மது இருக்குமோடி?" என்று கேட்டது. இருக்காது என்று எனக்குத் தெரியும். குஞ்சிலேயே பிடித்து வளர்த்த கிளிக்குக் காட்டில் இரை தேடப் பழகுவது எளிதன்று. ஆனாலும் "இருக்கும் அப்பத்தா" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய நிலை இன்னொரு வீட்டில் வரக்கூடாது. அதற்காகவே இதை எழுதினேன்.