ஏறத் தெரிந்தவள், இறங்கத் தெரியாதவள்

சென்ற இதழில் சாமைப் பொங்கல் பதம் சொன்னேன். இந்த முறை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். நீங்களும் வாருங்கள், பைல் நாட்டுக் குளிரில் ஒரு நடை போய் வரலாம்.

பொங்கல் லீவுக்கு என் பெண் சேலத்திலிருந்து வந்தாள். பையைத் திறந்ததும் துவைக்கிற துணி வரும் என்று பார்த்தால், ஒரு ஜோடி ஷூ வந்தது. அடிப்பக்கம் டிராக்டர் சக்கரம் மாதிரி பல் பல்லாக இருந்தது.

"அம்மா, காலேஜ்ல ஓடற குழுவுல சேர்ந்திருக்கேன். தார் ரோட்டுல இல்ல, மலைப்பாதையில ஓடறது. டிரெயில் ரன்னிங்னு பேரு. நம்ம மலைய விட்டா இதுக்கு வேற எடம் எது?" என்றாள்.

என் அத்தை உடனே, "பொட்டப்புள்ள காட்டுக்குள்ள ஓடுனா ஊரு என்ன பேசும்?" என்றார். நானும், "விழுந்து தொலைச்சா யாரு பாக்கறது?" என்று கூடச் சேர்ந்து பாடினேன். உண்மையைச் சொல்லட்டுமா? விழுவாள் என்று எனக்குப் பயம் கொஞ்சம்தான். ஊர் பேசுமே என்ற பயம்தான் அதிகம். அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கொல்லிமலையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மலையின் மேல்தளமே கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று ஊர்த்தொகுதிகளை நாடு நாடாகச் சொல்வோம். பைல் நாடு அதில் ஒன்று. ஓடுகிறவர்களுக்கு இங்கே மூன்று விதமான வழிகள் இருக்கின்றன. முதலாவது, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். தார் ரோடுதான், ஆனால் மூச்சு நெஞ்சை விட்டுத் தொண்டைக்கு வந்துவிடும். வளைவில் லாரியும் பஸ்ஸும் திரும்பும் என்பதால் ஓரமாக, விடிந்த பிறகுதான் போக வேண்டும். இரண்டாவது, அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள். ஆயிரத்துக்கும் மேல். இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்குவோம், ஏறும்போது குலதெய்வம் நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். அங்கே ஓட்டம் கூடவே கூடாது. மூன்றாவது, ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள். மிளகுக் கொடி, காப்பிச் செடி, பலா, சாமைக் கொல்லை, ஓடை என்று மாறி மாறி வரும். பார்க்க அழகு, காலுக்குச் சோதனை.

அடர்ந்த காட்டுக்குள் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் வழியும் உண்டு. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். அதில் பெண்கள் பலர். அதனால் அந்தப் பாதையை என் பெண்ணிடம் பேச்சுக்குக்கூட எடுக்கவிடவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒற்றையடிப் பாதைக்குச் சம்மதித்தேன். "நானும் பின்னாலேயே வருவேன்" என்பது நிபந்தனை. அவள் ஏற்றத்தில் மான் மாதிரிப் போனாள். நான் தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். திரும்பி இறங்கும்போதுதான் வந்தது வினை. செம்மண்ணில் பனி ஈரம். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை நீட்டி ஊன்றினாள். சறுக்கி விழுந்தாள், கணுக்கால் மடங்கிவிட்டது.

அந்த நேரம் தலையில் புல்லுக்கட்டோடு எங்கள் ஊர் அக்கா ஒருவர் இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும், காலில் ரப்பர் செருப்பு. கட்டை இறக்கி வைத்து இவளைத் தூக்கிவிட்டார்.

"ஏங் கண்ணு, எட்டு வெச்சா எறங்குவாங்க? குட்டிக் குட்டி அடியா வையி. முட்டிய வெறைக்காத. பின்னால சாயாத, மல உன்னத் தள்ளிப்புடும். காலடியையே பாக்காம நாலு அடி தள்ளிப் பாரு" என்றார்.

என் பெண் அசந்துபோய், "அம்மா, எங்க பயிற்சியாளர் சொன்னதும் இதேதான், நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

காரணமும் சொன்னாள். ஏறும்போது வேலை செய்வது மூச்சும் இதயமும். இறங்கும்போது தொடைத் தசைதான் பிரேக் மாதிரி உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பதால் அதில் நுண்ணிய கிழிசல் விழுகிறது. மறுநாளை விட இரண்டாம் நாள் தொடை அதிகம் வலிப்பது அதனால்தான். பழகப் பழகக் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு உருவிவிட உட்கார்ந்துவிட்டார். கஷ்டப்பட்டுத் தடுத்தேன். சுளுக்கிய முதல் இரண்டு நாள் உருவுதலும் சூடும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி கால் மணி நேரம் வைத்து, எலாஸ்டிக் துணியால் இறுக்காமல் கட்டி, தலையணை மேல் காலைத் தூக்கி வையுங்கள். நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ எக்ஸ்-ரே எடுத்துவிடுங்கள். இவளுக்கு அந்த அளவுக்கு இல்லை, நல்ல வேளை.

படுக்கையில் இருந்தபடி அவள் சொன்ன கதைகள்தான் என்னை மாற்றின. 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்களாம். பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று அதை நிறுத்தி, 1960-இல்தான் மறுபடி சேர்த்தார்களாம். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் வந்ததே 1984-இல். நேபாள மலைக்கிராமத்தில் அரிசி மூட்டை சுமந்து ஏறி இறங்கிய மீரா ராய், 2015-இல் பிரான்சில் மோன் பிளாங் மலையில் 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் பெண்களில் முதலாவதாக வந்தாராம். இங்கிலாந்தில் ஜாஸ்மின் பாரிஸ் என்ற கைக்குழந்தைக்காரி 2019-இல் சுமார் 430 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் ஆண்களையும் முந்தி முதலில் வந்தாராம். வழியில் தங்கும் இடங்களில் குழந்தைக்குப் பால் எடுத்து வைத்துக்கொண்டே ஓடியிருக்கிறார்! புல்லுக்கட்டு அக்காவிடம் சொன்னேன். "தாயி, பால் கட்டிக்கிட்டா நெஞ்சு வலிக்குமே, பாவம்" என்றார். பரிசைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது என் கதை. ஒன்பதாம் வகுப்பில் 400 மீட்டரில் முதலாவதாக வந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். பத்தாவதோடு படிப்பும் ஓட்டமும் நின்றன. அந்த டம்ளரில்தான் இன்றுவரை அரிசி அளக்கிறேன். போன கார்த்திகையில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார்கள். "நடங்கள்" என்றார் டாக்டர். "வீட்டு வேலையே போதாதா?" என்று வந்துவிட்டேன்.

போதாதுதான் சகோதரிகளே. இப்போது காலையில் அரை மணி நேரம் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். சமதளத்தில் வேக நடை, நடுவில் நூறு அடி மெதுவோட்டம். ஏற்றத்தில் நடைதான். பெரிய வீராங்கனைகளே செங்குத்தில் நடப்பார்களாம், அதில் வெட்கம் என்ன! பேச முடிகிற மூச்சோடு போனால் அளவு சரி. நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ உட்கார்ந்துவிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள், மடியில் கொஞ்சம் வெல்லமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிக்காமல், உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ குடியுங்கள். பழைய செருப்பில் ஓடாதீர்கள்.

கால் சரியானதும் என் பெண் சேலத்துக்குத் திரும்பிவிட்டாள். போகும் முன் அந்தப் பாதையில் புல்லுக்கட்டு அக்காவுக்குப் பின்னால் குட்டி அடியாக இறங்கிப் பழகினாள். வாசலில் நின்று பார்த்த அத்தை, "மெதுவா போ சாமி" என்றார். போகாதே என்று சொல்லவில்லை.

அடுத்த மாதம் மறுபடி ரத்தம் கொடுக்கப் போகிறேன். சர்க்கரை இறங்கியிருந்தாலும் இறங்காவிட்டாலும் உங்களுக்கு மறைக்காமல் எழுதுகிறேன்.