நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?



பாடத்திட்டம், வாசிப்பு, தேர்வு என்றே எழுதி வந்தவன் இன்று மகிழுந்தின் பின்சக்கரத்தைப் பற்றி எழுதுகிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தலாம். நம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் நாளை செய்யப்போகும் வேலை இது. அவர்கள் செய்து கொடுத்த வண்டிகளில்தான் நம் குடும்பங்கள் மம்பாவிலிருந்து சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் போய் வருகின்றன. இந்த இரண்டு காரணங்களே எனக்குப் போதும்.

"படிப்பு ஏறவில்லையா, வொர்க்‌ஷாப்பில் சேர்ந்து போர்மேன் ஆகிவிடு." இந்தப் பேச்சைத் தோட்டத்து வீடுகளிலும் கேட்டிருக்கிறேன், பின்னாளில் வந்த தாமான் வீடுகளிலும் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் அறையிலும் இது ஒலிப்பதுண்டு என்பதை மறைப்பதற்கில்லை. வாகனப் பழுது பார்ப்பதற்குக் கை வலிமை போதும், எழுத்தும் கணக்கும் வேண்டியதில்லை என்பது இதன் பொருள். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. பழுது பார்ப்போர் அன்றாடம் செய்யும் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். பின்சக்கரத்தில் தேய்ந்துபோன பேரிங்கை மாற்றிவிட்டு, குடத்தை மீண்டும் பொருத்தி நட்டை இறுக்கும் வேலை அது.

குடம் என்ற சொல்லைக் கண்டு திகைக்க வேண்டாம். மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நம் தச்சர்கள் வைத்திருந்த பெயர் அது. குடத்தில் ஆரக்கால்கள் செருகப்பட்டிருக்கும். குடத்தின் நடுவே அச்சு நுழையும். சக்கரம் கழன்று ஓடாமலிருக்க அச்சின் முனையில் கடையாணி செருகுவார்கள். வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து அச்சுக்கு வண்டி மை போடுவார்கள். இன்றைய மகிழுந்தின் 'ஹப்' என்பது அதே குடம், 'ஸ்பிண்டில்' என்பது அதே அச்சு, 'காட்டர் பின்' என்பது அதே கடையாணி. மையின் இடத்தில் கிரீஸ் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தது குடத்துக்கும் அச்சுக்கும் இடையே உருளும் பேரிங், அதாவது தாங்கி, ஒன்றுதான்.

அந்தத் தாங்கியும் வண்டிக்காரர்களின் தேவையிலிருந்தே பிறந்தது. 1794-இல் வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாகன், வண்டி அச்சில் குண்டுகள் உருளும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1898-இல் அமெரிக்காவில் குதிரை வண்டிகள் செய்து வந்த ஹென்றி டிம்கென், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி நேராக ஓடும்போது பாரம் மேலிருந்து அழுத்துகிறது, வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கூம்புருளை இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்த அமைப்பு வழக்கில் இருப்பதற்கு அதுவே காரணம்.

இனி இறுக்கத்துக்கு வருவோம். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, 1994-இல் வந்த பெரோடுவா கன்சில் ஆகியவை முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டிகள். இத்தகைய வண்டிகளில் பின்சக்கரத்துக்கு இயந்திர விசை போவதில்லை. அது அச்சு முனையில் தானாக உருள்கிறது. இவ்வகைப் பழைய வண்டிகள் பலவற்றில் குடத்துக்குள் இரண்டு கூம்புருளைத் தாங்கிகள் எதிரெதிராக அமர்ந்திருக்கும். வெளிப்புறத்து நட்டை இறுக்க இறுக்க, இரண்டு கூம்புகளும் ஆப்பு இறங்குவதுபோல் தத்தம் கிண்ணங்களுக்குள் இறங்கும். இங்கே நட்டு வெறும் பூட்டு அன்று. தாங்கிக்குள் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே அதுதான்.

அதனால்தான் செய்முறை சற்று விநோதமாக இருக்கிறது. முதலில் டிரம்மை ஒரு கையால் சுற்றிக்கொண்டே நட்டை மிதமாக இறுக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் கோணலாக அமர்ந்துவிடும். அவை சரியாக அமர்ந்ததும் நட்டை முழுவதும் தளர்த்திவிட வேண்டும். பாடுபட்டு இறுக்கியதை ஏன் தளர்த்த வேண்டும் என்றுதான் முதன்முறை பார்ப்பவருக்குத் தோன்றும். பிறகு மீண்டும் மிக மெல்ல, ஏறத்தாழ விரல் வலிமைக்கு, அல்லது கையேட்டில் கண்ட சிறிய அளவுக்கு இறுக்க வேண்டும். காட்டர் பின் நுழையும் துளை நட்டின் பள்ளத்தோடு பொருந்தவில்லையென்றால், அடுத்த பள்ளம் வரும்வரை சற்றே தளர்த்துவதுதான் பொதுவான முறை. துளையைப் பிடிப்பதற்காக மேலும் இறுக்கக் கூடாது. கடைசியில் எஞ்சும் ஆட்டம் பொதுவாக 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை. ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும்.

"இன்னும் ஒரு பிடி பிடித்துவிடு, அப்போதுதான் பத்திரம்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். அந்த ஒரு பிடியில்தான் கேடு இருக்கிறது. ஓட்டத்தில் உருளைகளும் உள்வளையமும் சூடேறி விரிவடையும். 100 மில்லிமீட்டர் எஃகு, வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் நீளும். நாம் விட்டு வைத்த இடைவெளியே அந்த அளவுதான். இடைவெளியே இல்லாமல் இறுக்கப்பட்ட தாங்கியில் கிரீஸ் படலம் நசுங்கி விலகும், எஃகோடு எஃகு உராயும், உருளைகள் நீலம் பாரிக்கும், கூடு உடையும். முற்றிப்போனால் சக்கரம் ஓட்டத்திலேயே இறுகிக்கொள்ளும். தளர்ந்திருந்தாலும் நன்மையில்லை. சக்கரம் ஆடும், உருளைகள் கிண்ணத்தைக் குத்திக் குழியாக்கும், பிரேக் பிடிப்பும் கெடும்.

இவ்வளவோடு முடிந்திருந்தால், பழகிய கை போதும் என்று வாதிடுவோரோடு நானும் பாதி உடன்பட்டிருப்பேன். ஆனால் பிந்தைய மகிழுந்துகள் பலவற்றில் தாங்கி வேறு வகையினது. இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட, கிரீஸ் அடைத்து மூடப்பட்ட ஒரே கட்டாக அது வருகிறது. இடைவெளி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டுவிடும். இதில் நட்டின் வேலை உள்வளையங்களை ஒன்றோடொன்று அசையாமல் நெருக்கிப் பிடிப்பது. ஆகவே இதற்குக் கடும் இறுக்கம் வேண்டும். பல வண்டிகளில் 150 நியூட்டன் மீட்டருக்கு மேல், சிலவற்றில் 200-ஐயும் தாண்டும். இங்கே பழைய வண்டிக்குச் செய்ததுபோல் மெல்லப் பிடித்துவிட்டால் வளையங்கள் விலகித் தாங்கி விரைவில் அழியும். பழைய வண்டிக்கு இந்தக் கடும் இறுக்கத்தைக் கொடுத்தால் அதுவும் அழியும். வெளியே பார்த்தால் இரண்டிலும் இருப்பது ஒரு நட்டுதான். ஒன்றுக்குச் சரியானது மற்றொன்றுக்கு நஞ்சு. கைப்பழக்கம் இதைச் சொல்லித் தராது. எந்த வண்டிக்கு எந்த அளவு என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நியூட்டன் மீட்டர் என்றவுடன் ஏதோ பல்கலைக்கழகச் சரக்கு என்று அஞ்ச வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பையை 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் தொங்கவிட்டால், அது ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். நாற்பது கிலோ எடையுள்ள ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் தொங்கினால், அது ஏறத்தாழ 200. முதலாவது பழைய வகை நட்டின் கடைசி இறுக்கத்துக்கு நெருங்கியது, இரண்டாவது புதிய வகைக்கு நெருங்கியது. இந்த ஒப்பீட்டை வகுப்பில் சொன்னபோது, தூங்கி வழியும் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது. யார் தொங்குவது என்று சண்டையே வந்துவிட்டது!

என்னிடம் படித்த ஒருவர் இப்போது மம்பாவ் சாலையோரத்தில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார். பள்ளியில் அவரைக் கெட்டிக்காரர் என்று எவரும் சொன்னதில்லை. ஒருநாள் அவர் பழைய வண்டியொன்றின் பின்சக்கரத் தாங்கியை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிரம்மைச் சுற்றினார், இறுக்கினார், முழுவதும் தளர்த்தினார், மீண்டும் விரலால் பிடித்தார், பின்னைச் செருகி முனைகளை மடக்கினார். ஒரு குறையும் இல்லை.

"ஏன்பா இறுக்கிட்டு மறுபடி கழட்டுறே?" என்று கேட்டேன்.

"தெரியல சார். இங்க இருந்த அண்ணன் அப்படித்தான் காட்டிக் கொடுத்தாரு."

"புது வண்டி வந்தா?"

"அதுக்கு முதலாளி புத்தகத்தப் பாத்து நம்பர் சொல்லுவாரு. நான் பிடிப்பேன்."

எனக்குப் பெருமையும் வருத்தமும் ஒன்றாக வந்தன. கை கற்றுக்கொண்டதை மூளைக்கு யாரும் சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்த்து எண்ணைச் சொல்பவர் முதலாளியாகவே இருக்கிறார், பிடிப்பவர் பிடிப்பவராகவே இருக்கிறார். சம்பளத்தில் இருவருக்கும் உள்ள தூரம் அந்தப் புத்தகத்தின் தூரம்தான். அவர் மலாய்க் கையேட்டைப் படிக்கத் தெரியாதவர் அல்லர். படித்தால் தனக்கு விளங்கும் என்ற நம்பிக்கையை நாம் கொடுத்து அனுப்பவில்லை.

அந்த நம்பிக்கை தாய்மொழியில்தான் முளைக்கும் என்பது என் எண்ணம். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது நான் புதிய ஆசிரியன். பிள்ளைகள் சொற்களை ஒப்பித்தார்கள், காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவெடுக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக நீக்கப்பட்டது. ஆங்கிலமும் மலாயும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையேடுகள் அம்மொழிகளில்தான் இருக்கின்றன. ஏன் தளர்த்துகிறோம் என்பதைத் தமிழில் ஒருமுறை விளங்கிக்கொண்ட பிள்ளை, எந்த மொழிக் கையேட்டையும் துணிந்து திறக்கும்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. வொர்க்‌ஷாப்பில் போய்த் 'தாங்கி' என்று சொல்லிப் பொருள் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அங்கே பேரிங் என்றே சொல்லட்டும். வகுப்பில் தாங்கி, குடம், அச்சு, முறுக்கு விசை என்று சொல்லி விளக்குவோம். இரண்டும் ஒரு பிள்ளையின் வாயில் இருப்பதில் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. சிறிய பொருளை இகழக் கூடாது என்பதற்கு வள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டியதும் தேரின் அச்சாணியைத்தானே.

தமிழ்மொழி வகுப்பில் செய்முறை எழுதச் சொல்லும்போது எலுமிச்சைச் சாறு தயாரிப்பதையே எத்தனை ஆண்டுகள் எழுத வைப்பது? அதில் ஒரு படி விடுபட்டால் சாறு புளிக்கும், அவ்வளவுதான். மேலே சொன்ன நட்டு இறுக்கும் செய்முறையை எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரு படி விடுபட்டால் என்ன ஆகும் என்பது பிள்ளைக்கே தெரியும். எழுத்தில் ஒழுங்கு தானாக வரும். நான்காம் ஆண்டு முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் இருக்கிறது. அதில் உண்மையான ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க இடம் உண்டு. பாடநூலின் அட்டைப்பெட்டி வேலைகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

யு.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இன்னும் அதன் நிழலிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் மகன் வாகனத் தொழிலுக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள், ஆனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். தொழிற்கல்லூரி இருக்கிறது, கியாட்மாரா இருக்கிறது, மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் பத்தாண்டு உழைத்துவிட்டு, பிறகு அதைத் தேடுவது கடினம்.

உங்கள் சொந்த வண்டிக்கும் இது உதவும். பின்சக்கரத்தில் வேகம் கூடக் கூடப் பெருகும் ரீங்காரம் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். கூம்புருளை வகையானால் உருளையையும் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய கிண்ணத்தில் புதிய உருளை நிலைக்காது. பழைய காட்டர் பின்னை மீண்டும் போட விடாதீர்கள். புதிய வகையானால் நட்டும் புதிதாக இருக்கட்டும். கடைசி இறுக்கத்தைக் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று முடித்துவிட்டால், டோர்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று மரியாதையோடு கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் போர்மேன் இருப்பார், மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுபவரும் இருப்பார். சில கிலோமீட்டர் ஓட்டிய பின் வண்டியை நிறுத்தி இரு பக்கக் குடங்களின் அருகேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் உடனே திரும்பிப் போங்கள்.

பள்ளிக்கு ஒரு பழைய பின்சக்கர டிரம்மும் அச்சு முனையும் தேடிக்கொண்டிருக்கிறேன். மம்பாவ், ராசா, ரந்தாவ் பக்கத்தில் வொர்க்‌ஷாப் வைத்திருப்போர் யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவலாம். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளே தேய்த்துக்கொள்வார்கள். தேய்ந்த தாங்கிகளை எறிந்துவிடாமல் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். நீலம் பாரித்தது ஒன்றாவது இருந்தால் இன்னும் நல்லது.