வீடு வாங்குமுன் பிளானைப் பாருங்கள்!

2017 ஜூலை 25ந் தேதி மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. 17 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் அனுமதியின்றி மராமத்து செய்து, பாரம் தாங்கும் தூண்களிலேயே கை வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மாடியில் குடியிருந்தோருக்கு அந்த வேலையால் என்ன லாபம்?

நமது ஊர்களில் தொழிலாளி சேமநிதிப் பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டுப் பழைய வீடு வாங்குகிறான். பத்திரம் பார்க்கிறான், வில்லங்கம் பார்க்கிறான், பிளானைப் பார்ப்பதில்லை! மொட்டை மாடியில் எழுப்பிய அறையும், பக்கத்துச் சந்தில் நீட்டிய சமையற்கட்டும் அனுமதி பெற்றவைதானா? "வீட்டுவரி ரசீது இருக்கிறதே, கரண்டு இருக்கிறதே" என்பான் தரகன். அவை அனுமதி ஆகா. பதிவான பத்திரமும் அனுமதி ஆகாது. இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும் நாளில் விற்றவன் இருக்கமாட்டான். குடியிருப்பவன் தலையில்தான் விழும்.

முன்பணம் கொடுக்குமுன் நகராட்சியோ பஞ்சாயத்தோ முத்திரையிட்ட பிளானைக் கேளுங்கள். கொத்தனார் தோழர் ஒருவரை அழைத்துப்போய் அறை அறையாக அளந்து பாருங்கள்.

கட்டட நிறைவுச் சான்றைச் சரிபார்த்தே கடன் தரவேண்டுமென்று 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் பாங்குகளுக்கு உத்தரவிட்டது. நல்லது. ஆனால் கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்குபவனுக்கு அந்தக் காவலும் இல்லை. விதிமீறிய கட்டடத்தை மறைத்து விற்றவனையே நஷ்டத்துக்குப் பொறுப்பாக்க வேண்டுமென்று சர்க்காரைக் கோருகிறோம்.